மினிஸ்டர் எங்கள் கவுன்டரில் உட்கார்ந்த வருஷம்

போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து ஒரு சந்தேகம் கேட்டீர்கள். சிட்டி ஹாலில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். குறை சொல்ல வருகிறவர் "என் பேரை மட்டும் எழுதாதீங்க" என்று கெஞ்சினால் என்ன செய்வது? விதிமுறை என்ன சொல்கிறதோ அதை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அப்புறம் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏனென்றால் அதே இடத்தில் நான் தவறியபோது விதிமுறை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்துதான் தவறினேன். அதனால் இதை எழுதுகிறேன். சிட்டி அலுவலகங்களில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா வந்தவள் நான். நியூ ஜெர்சியில், நியூயார்க் ரயில் நின்று போகிற ஒரு நடுத்தர ஊர். அங்கே சிட்டி ஹாலில் டைப் அடிக்கச் சேர்ந்து, ஏழெட்டு வருடத்தில் கீழ்த்தளத்திலிருந்த புகார் கவுன்டருக்குப் பொறுப்பாளரானேன். குப்பை எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மேல் வீட்டுக்காரர் விடியற்காலையில் ட்ரம்ஸ் வாசிக்கிறார், எல்லாம் எங்களிடம்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு நம்பர். நம்பர் விழுந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் நேரில் போய்ப் பார்த்தே தீரவேண்டும். மேயராலும் அதைத் தடுக்க முடியாது.

தொண்ணூற்றேழாம் வருடம் இலையுதிர் காலத்தில் மேயர் என்னைக் கூப்பிட்டு ஒரு விருந்தாளி வருவதாகச் சொன்னார். இங்கிலாந்துக்காரர். பத்தொன்பது வருடம் பார்லிமென்டில் இருந்தவர், அதில் நான்கு வருடம் வீட்டுவசதித் துறையில் துணை மந்திரி. அந்த வருடத் தேர்தலில் தோற்றுப்போய், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு விருந்தினராக வந்திருக்கிறார். அமெரிக்காவில் ஒரு ஊரை எப்படி நிர்வாகம் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறாராம். வாரம் இரண்டு நாள் வருவார். மாடியில் ஒரு அறை ஒழித்துக் கொடு, யார் காலிலும் இடறாமல் பார்த்துக்கொள் என்றார் மேயர்.

அவர் அந்த அறையில் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. கீழே இறங்கி வந்து, இந்தக் கவுன்டரில் ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடு என்ற உயரம், எந்நேரமும் கசங்கிய மழைக்கோட்டு. பெயர் சொல்ல மாட்டேன். நாங்கள் அவரை மினிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக.

வந்த முதல் வாரம், தன் தெருவில் பத்து நாளாகக் குப்பை எடுக்கவில்லை என்று ஒரு அம்மாள் வந்தார். மினிஸ்டர் தானே பதில் சொல்லட்டுமா என்று என்னைக் கண்ணால் கேட்டார். சரி என்றேன். தனியார் ஒப்பந்தம், சிட்டியின் பொறுப்பு, இரண்டுக்கும் நடுவே உள்ள சிக்கல் என்று அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் எடுப்பீர்களா மாட்டீர்களா என்றார். மினிஸ்டர் முகம் சிவந்துவிட்டது. படிவத்தை எடுத்து, பெயரையும் தெருவையும் கேட்டு எழுத ஆரம்பித்தார். பத்தொன்பது வருடத்தில் யாரும் தன்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை என்று மத்தியானம் என்னிடம் சொன்னார். கேட்டிருப்பார்களாம், ஆனால் பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர் எப்போதும் இருந்ததால், தான் பதில் சொல்லவேண்டி வந்ததில்லையாம்.

வலது பக்கம் கார் ஓட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. ரயிலில் வருவார். சாயந்திரம் ஸ்டேஷனில் நான் இறக்கிவிடுவேன். அந்தப் பத்து நிமிடங்களில்தான் அவருடைய கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முப்பத்தாறு வயதில் பார்லிமென்ட். மந்திரியான பிறகு தினமும் ஒரு பெட்டி நிறையக் காகிதம் வீட்டுக்கு வரும், விடிவதற்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தோற்ற மறுநாள் காலை காரும் டிரைவரும் இல்லை. சொந்த ஊரில், தான் பத்தொன்பது வருடம் பிரதிநிதியாக இருந்த ஊரில், தன் வீட்டுக்கு எத்தனாம் நம்பர் பஸ் போகும் என்று தெரியாமல் நின்றாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன விதம் சிரிக்கும்படி இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், கவுன்டர் போனில் தமிழ்க்குரல். சங்கர் என்று பெயர். சாஃப்ட்வேர் இன்ஜினியர், எச்-ஒன் விசாவில் வந்து எட்டு மாதம். வேலைக்குக் கூட்டிவந்த கன்சல்டிங் கம்பெனியே ஒரு பழைய அபார்ட்மென்ட் கட்டடத்தில் பாதியை வாடகைக்கு எடுத்து, தன் ஆட்களைக் குடிவைத்திருந்தது. ஹீட்டிங் போட ஆரம்பித்ததிலிருந்து காலையில் எழுந்தால் மனைவிக்கும் மூன்று வயதுப் பெண்ணுக்கும் தலைவலி, வாந்தி. அடித்தளத்தில் பாய்லர் பக்கம் என்னவோ வாடை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நம்ம ஊர்க்காரங்கன்னுதான் உங்ககிட்ட சொல்றேன். கம்ப்ளெய்ன்ட் எல்லாம் எழுதாதீங்க. வீடு கம்பெனி குடுத்தது. விசா அவங்க கையில இருக்கு. என் பேரு வெளிய வந்தா அடுத்த ஃப்ளைட்ல அனுப்பிருவாங்க."

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. நானும் என் கணவரும் அதே பயத்தோடு ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறோம். கிரீன் கார்டு கையில் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சத்தமாகப் பேசியதில்லை. கவலைப்படாதீங்க தம்பி, நான் பாத்துக்கறேன் என்றேன். படிவத்தை எடுக்கவில்லை. கட்டடத்தின் மேனேஜருக்கு நானே போன் போட்டு, பாய்லரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ஆள் வந்து சரிபார்த்தாகிவிட்டது என்று பதில் வந்தது. சங்கருக்குச் சொன்னேன். அவர் பத்து தடவை நன்றி சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு சத்தமில்லாமல் உதவிவிட்டேன் அல்லவா?

பெயரை மறைத்தும் புகார் பதியலாம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு நம்பர் கொடுக்க எங்கள் விதியிலேயே இடம் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் போய் நின்றால் கம்பெனி எப்படியும் மோப்பம் பிடித்துவிடும், சங்கருக்கு ஆபத்து என்று நானே அவருக்காகத் தீர்மானித்துக்கொண்டேன். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் கேட்டது பெயரை மறைக்கச் சொல்லி. நான் பாய்லரையே மறைத்துவிட்டேன்.

ஜனவரியில் கடுங்குளிர் வாரம் ஒன்றில், புதன்கிழமை காலை அந்தக் கட்டடத்திலிருந்து நான்கு பேரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாய்லரின் புகைக்குழாய் கழன்று, கார்பன் மோனாக்சைடு வீடுகளுக்குள் போயிருக்கிறது. நான்கு பேரில் இரண்டு பேர் சங்கரின் மனைவி கவிதாவும் குழந்தையும். சங்கர் அன்று அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பியிருந்தார். செய்தி கவுன்டருக்கு வந்தபோது முகவரியை இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வியாழன். ஏழு மணிக்கு கவுன்சில் கூட்டம். டிவிக்காரர்கள் வருகிறார்கள். சிட்டிக்கு முன்கூட்டியே ஏதாவது புகார் வந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று மேயரின் உதவியாளர் கீழே வந்து, பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன். இருக்காது என்று தெரிந்தே, ஆறு மாதத்துக்கான பதிவுகளை அவர் கண்முன்னால் திரையில் ஓட்டிக் காட்டினேன். எதுவும் இல்லை என்றேன். அவர் நிம்மதியாக மாடிக்குப் போனார். அரை மணி நேரத்தில் அறிக்கை தயாராகிவிட்டது. நகராட்சிக்கு எந்தப் புகாரும் வரவில்லை என்பது அதில் இரண்டாவது வாக்கியம்.

அறிக்கைகள் எழுதிப் பழகியவர் என்பதால் ஒரு பிரதியை மினிஸ்டரிடமும் கொடுத்து, வார்த்தைகளைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்தின நாள் காலை நான் அந்த முகவரியைப் படித்தபோது அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். சாப்பாட்டு அறைக்கு வருகிறாயா என்றார். மணி இரண்டு இருக்கும். அங்கே வேறு யாரும் இல்லை.

அந்த இரண்டாவது வாக்கியம் உண்மையா என்று கேட்டார். பதிவேட்டில் எதுவும் இல்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதை என் நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

"இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன்."

அவர் மந்திரியாக இருந்தபோது ஒரு மழை நாளில், ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தில் ஒரு பெண்மணி அவரை நிறுத்தி, கையால் எழுதிய ஒரு காகிதத்தைக் கொடுத்தாராம். தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடிப் பால்கனியின் கம்பிகள் ஆடுகின்றன, யாரும் வந்து பார்ப்பதில்லை என்று அதில் இருந்தது. ரயிலில் படித்திருக்கிறார். அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று கோட்டுப் பையில் வைத்தார். மறுநாள் வேறு ஏதோ பெரிய விஷயம் வந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து அந்தக் கம்பி உடைந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து செத்துப்போனார். துறைக்கு முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று மினிஸ்டர் பார்லிமென்டில் எழுந்து நின்று சொன்னார். அது நிஜம்தான். துறைக்கு வரவில்லை, அவருக்குத்தான் வந்தது.

"யாருமே கண்டுபிடிக்கவில்லை" என்றார். "நான் பேசியதை அந்தப் பெண்மணி டிவியில் பார்த்திருப்பார். பத்திரிகைக்கு எழுதுவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். அவர் எழுதவேயில்லை."

இதைச் சொல்லிவிட்டு எனக்கு அறிவுரை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை, எனக்கு வேலையும் குடும்பமும் இருக்கிறது, தனக்கும் அன்று அதே காரணங்கள்தான் இருந்தன என்றார். கவுன்டரில் யாரோ மணி அடித்தார்கள். அவரே எழுந்து போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் என் கணவருக்கு வேலை போய் மூன்று மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என் வேலையில்தான் இருந்தது. சங்கர் ஒருநாளும் வாயைத் திறக்கப் போவதில்லை. நான் சும்மா இருந்தாலே போதும். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு சங்கரைக் கூப்பிடச் சொன்னேன். நான் உண்மையைச் சொன்னால் அவர் பெயரும் வெளியே வரும். அவரிடம் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். குழந்தை கண் விழித்துவிட்டாள், கவிதா இன்னும் விழிக்கவில்லை என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், நீங்க அன்னிக்கே எழுதியிருக்கலாமே?"

நீங்கதானே தம்பி வேண்டாம்னு சொன்னீங்க என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"நான் பயந்துபோய் சொன்னேன். நீங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு என்ன பயம்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில், சொல்லிக்குங்க, இனிமே எனக்கு விசா போனா என்ன, இருந்தா என்ன என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

மாடிக்குப் போனேன். மேயர் இருந்தார், உதவியாளர் இருந்தார், சிட்டி வக்கீலும் இருந்தார். நவம்பரில் போன் வந்ததையும் நான் எழுதாமல் விட்டதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்திருந்தால் என்னால் சொல்லி முடித்திருக்க முடியாது. உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதிவு இல்லாத வரைக்கும் அறிக்கையில் பொய் இல்லை, இதை இப்படியே விடலாம் என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். மேயர் கோபக்காரர். என்னை நோக்கி இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னார், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் பேனாவை எடுத்து அந்த இரண்டாவது வாக்கியத்தை அவரே அடித்தார். அதற்கு மேலே, குடியிருப்பவர் ஒருவர் ஆறேழு வாரத்துக்கு முன்பே எங்கள் ஊழியரிடம் சொல்லியிருக்கிறார், அதைப் பதிவு செய்யத் தவறிவிட்டோம் என்று எழுதினார்.

கூட்டத்தில் அதை அவர் வாசித்தபோது நான் பின்வரிசையில் இருந்தேன். சங்கரின் பெயரையும் என் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மினிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் இருவரும் காருக்கு நடந்தோம்.

நாங்களே ஒப்புக்கொண்டதால் கவுன்சிலுக்கு வேறு வழியில்லை. அந்தக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த எல்லாக் கட்டடங்களையும் அந்த வாரமே சோதித்தார்கள். இன்னும் இரண்டு இடங்களில் புகைக்குழாய் அதே நிலையில் இருந்தது. ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். "புகாரே வரவில்லை" என்று அன்று வாசித்திருந்தால் அந்த இரண்டு கட்டடங்களுக்குள் யாரும் நுழைந்திருக்க மாட்டார்கள். வேலையில் நேர்மை எதற்கு என்று யாராவது உங்களிடம் கேட்டால், அந்தக் கைக்குழந்தையைச் சொல்லுங்கள்.

என்னை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவிதா கண் விழித்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சங்கர் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நர்ஸ் ஏதோ படிவம் கொண்டுவந்து கொடுத்தார். கவிதாவின் வலது கை நடுங்கியது, பேனா நிற்கவில்லை. சங்கர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்.

"எழுத வரல. நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்" என்றார் என்னைப் பார்க்காமலே.

எழுதிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் படிவத்தை வாங்கித் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டார். அந்த நடுக்கம் முழுதாகப் போக இரண்டு வருடம் ஆனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். செய்தி வெளியே வந்துவிட்டதால் கம்பெனி சங்கரைத் தொடத் துணியவில்லை. கோடையில் வேறு வேலை கிடைத்து டெக்சாஸ் பக்கம், பிளானோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள் எழுதியதில்லை. அவர்கள் எழுதவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

சஸ்பென்ஷன் முடிந்ததும் என்னைக் கவுன்டரில் விடவில்லை. பழைய ஃபைல்கள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். மினிஸ்டர் வருகிற நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு வந்துவிடுவார். என் எலுமிச்சைச் சாதத்துக்கும் அவருடைய வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்கும் பண்டமாற்று நடக்கும். அந்தத் தூசி அறையில் உட்கார்ந்து அவர் இங்கிலாந்து அரசியலைப் பற்றிச் சொன்ன கதைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். என் முப்பது வருட வேலையில் மனசுக்கு இதமான மத்தியானங்கள் எவை என்று கேட்டால், தண்டனையாகக் கழித்த அந்த மத்தியானங்களைத்தான் சொல்வேன்.

மே மாதம் அவரை நுவார்க் ஏர்போர்ட்டில் நான்தான் இறக்கிவிட்டேன். ஊருக்குப் போய் நகர கவுன்சில் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றார். மந்திரியாக இருந்தவர் வார்டு கவுன்சிலராகவா என்று கேட்டுவிட்டேன். ஆமாம் என்றார், அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வருடங்களில் அவர் எழுதிய கடிதங்களில்தான் மிச்சம் தெரிந்தது. வேட்பாளர் கூட்டத்தில், ஒரு பள்ளிக்கூட ஹாலில், கோட்டுப் பைக்குள் இருந்த காகிதத்தின் கதையை எல்லோர் முன்னாலும் அவரே சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் ஒரு வாரம் கிழித்தன. கட்சி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தனியாக நின்று தோற்றார். மறு வருடம், அந்த அடுக்குமாடிகள் இருக்கிற வார்டிலேயே ஒரு இடைத்தேர்தல் வந்தபோது மறுபடியும் தனியாக நின்றார். வீடு வீடாகப் போனாராம். சில வீடுகளில் கதவை முகத்தில் அடித்து மூடினார்களாம். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு, ஈரம் கசியும் சுவரைக் காட்டினார்களாம். இந்த முறை ஜெயித்துவிட்டார். கொஞ்ச நாளில் நகரத்தின் வீட்டுவசதிப் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அந்த ஸ்டேஷன் பெண்மணி உங்களைத் தேடி வந்தாரா என்று கேட்டு எழுதினேன். இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

இரண்டாயிரத்தொன்றாம் வருடம் வசந்த காலத்தில், தன் நகர அதிகாரிகள் நான்கு பேரோடு அவர் எங்கள் ஊருக்கு வந்தார். அந்த விபத்துக்குப் பிறகு நாங்கள் கொண்டுவந்த பாய்லர் சோதனைச் சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள. அதற்குள் எங்கள் மேயர் மாறியிருந்தார். நானும் கவுன்டருக்குத் திரும்பியிருந்தேன். கவுன்சில் ஹாலில் வரவேற்பு. புது மேயர் அவரை முன்னாள் மந்திரி என்று அறிமுகப்படுத்த, அவர் எழுந்து, கவுன்சிலர் என்று சொன்னால் போதும் என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே மாதிரி ஒரு கசங்கிய கோட்டு.

எங்கள் புது வக்கீல் படம் போட்டுச் சட்டத்தை விளக்கினார். இளைஞர், நல்ல பேச்சுக்காரர். முடிக்கும்போது, இந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் ஊரில் பதிவாகாத புகார் என்று ஒன்றுகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். போன மாதம்கூட இரண்டு விட்டுப்போயிருக்கிறது, என் கவுன்டரிலேயே, நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். கைதட்டல் நின்றுவிட்டது. புது மேயர் என்னைப் பார்த்த பார்வையில், மறுபடியும் ஃபைல் அறைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையிலிருந்த மினிஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் பக்கமாக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எந்தத் தெரு?"